ஏழாம் நம்பர் பாட்டில்

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிளை நூலகத்திலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே பொறுப்பில் இருப்பவர் பேசினார். "சார், பெரியவங்களுக்கான புதன்கிழமைச் சொற்பொழிவைத் திரும்பவும் ஆரம்பிச்சிருக்கோம். புரொஜெக்டர் வாங்கியாச்சு. நல்ல நல்ல ஆளுங்களாக் கூப்பிடறோம். ஆனா வந்தது ஆறு பேரு. உங்க காலத்துல நிக்க இடம் இருக்காதாமே, எப்படி சார் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"நாற்காலிக்குக் கை இருக்குதா?" என்று கேட்டேன்.

கிழவன் விளையாடுகிறான் என்று நினைத்திருப்பார். நான் விளையாடவில்லை. மூட்டு வலிக்காரர்கள் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பார்கள். கையில்லாத நாற்காலியைப் போட்டால் அதில் எப்படி உட்காருவது, எப்படி எழுந்திருப்பது என்று யோசித்தே வராமல் இருந்துவிடுவார்கள். இது எனக்குத் தானாகத் தெரிந்த விஷயம் இல்லை, மரகதம் மேடம் சொல்லித் தெரிந்துகொண்டது. போனில் சொல்லி முடிகிற கதையில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது நூலக அறிவியலில் சான்றிதழ் படிப்பு. தினக்கூலியாகச் சேர்ந்து, பாப்பாரப்பட்டி, நல்லம்பள்ளி என்று பஸ் ஏறி இறங்கி, வேலை நிரந்தரமானபோது தலை பாதி நரைத்துவிட்டது. அத்தனை வருடமும் செய்தது இவ்வளவுதான்: புத்தகத்தில் முத்திரை குத்தினேன், அலமாரியில் தூசி தட்டினேன், பேப்பர் படிக்க வந்தவர்களிடம் சத்தம் போடாதீங்க என்று நான் சத்தம் போட்டேன். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கடைசியாகப் போட்டார்கள். அங்கே நூலகராக இருந்தவர் மரகதம் மேடம். திருச்சிப் பக்கத்திலிருந்து மாற்றலில் வந்தவர். என்னைவிட எட்டு வயது சின்னவர்.

குள்ளமான ஆள், மெல்லிய குரல். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கண்ணைச் சிமிட்டக்கூட மாட்டார். இதற்குத் திட்டே வாங்கிவிடலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

வந்த மூன்றாம் மாதமே அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாராவாரம் ஒரு சொற்பொழிவு என்று ஆரம்பித்தார். அறிவிப்பு எழுதுகிற வேலை எனக்கு. "அறுபது வயது நிரம்பிய அனைவருக்கும் இலவசம். வருக வருக" என்று கொட்டை எழுத்தில் எழுதி பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டினேன். என்ன இலவசம் என்று கீழே சின்னதாக எழுதியிருந்தேன். அதை யார் படித்தார்கள்? புதன்கிழமை காலை நூலக வாசலிலிருந்து டீக்கடை வரைக்கும் வரிசை. எல்லார் கையிலும் ரேஷன் கார்டு, ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. முதியோர் பென்ஷனுக்குப் புதிதாக எழுதுகிறார்கள் என்று நாலு ஊருக்குச் சேதி போயிருந்தது.

 மேடம் வெளியே வந்து வரிசையைப் பார்த்தார். "ஜெராக்ஸ பத்திரமா உள்ள வெச்சுக்குங்க. அதுக்கு இங்க வேலையில்ல. இன்னைக்கு நிலாவைப் பத்தி ஒருத்தர் பேசப் போறார். விருப்பம் இருக்கறவங்க வந்து உக்காருங்க" என்றார்.

"நெலாவப் பாக்கறதுக்கு எதுக்குய்யா ஜெராக்ஸு எடுக்க வெச்ச?" என்று ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். முக்கால்வாசிப் பேர் என்னை வைதுகொண்டே பஸ் ஏறினார்கள். மிச்சம் இருந்தவர்கள், அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்தவர்கள்தான். ஆனால் உட்கார்ந்தவர்கள் அடுத்த வாரமும் வந்தார்கள். அதில் இரண்டு பேர் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள். ஒருவர் மாதையன், தக்காளி விவசாயி. இன்னொருவர் பச்சியம்மா. மாட்டுக்குத் தவிடு வாங்க வந்த இடத்தில் வரிசையைப் பார்த்து நின்றவர்.

மேடத்தின் ஏற்பாடுகளைச் சொல்லியாக வேண்டும். கிராமத்து பஸ் பத்தரைக்கு வரும், ஒன்றேகாலுக்குத் திரும்பும். அதனால் பதினோரு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்கு முடிக்க வேண்டும். யார் பேசினாலும் நாற்பது நிமிடம். மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. காது மந்தமானவர்களுக்கு முன்வரிசை, அவர்களுக்கு எந்தக் காது கேட்குமோ அந்தப் பக்கம். கழிப்பறைச் சாவியை யாரும் கேட்கக் கூச்சப்படாதபடி கதவிலேயே தொங்கவிட வேண்டும். வருகிறவர்களைத் தாத்தா, பாட்டி என்று கூப்பிடவே கூடாது. பேரைச் சொல்லி ஒரு 'ங்க' போட்டால் போதும். "அவங்க உங்களுக்குத் தாத்தா இல்ல, இங்க படிக்க வந்தவங்க" என்பார். எனக்கே ஐம்பத்தைந்து ஆகியிருந்தது, நானும் தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய ஏற்பாடு, திருப்பிச் சொல்வது. இந்த வாரம் கேட்ட சொற்பொழிவை அடுத்த வாரம் கேட்டவர்களில் ஒருவர் எழுந்து ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும். அப்புறம்தான் புதுச் சொற்பொழிவு. கையில் காகிதம் இருக்கக் கூடாது. தப்பாகச் சொன்னால் கூட்டத்தில் இருப்பவர்கள் திருத்தலாம், பேசிய அறிஞர் வந்திருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. பச்சியம்மாதான் முதலில் எழுந்து நிலாவைப் பற்றிச் சொன்னார். கிரகணத்தை ஒரு முறம், ஒரு சட்டி, ஜன்னல் வெளிச்சம், இவற்றை வைத்து விளக்கினார். முந்தின வாரம் நிலாவைப் பற்றிப் பேசிவிட்டு இதைக் கேட்கத் திரும்ப வந்திருந்த கல்லூரி ஆசிரியர் என் காதில், "நான் இருபது வருஷமா இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல சார்" என்றார். அதற்கப்புறம் திருப்பிச் சொல்வதற்குப் போட்டி. வாரம் முழுக்க டீக்கடையிலும் களத்து மேட்டிலும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார்கள். கேட்டது மறந்துவிடக் கூடாதே என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் முழுசையும் சொல்லிப் பார்ப்பார்கள். அப்படிக் கேட்டுவிட்டு வந்தவர்களால்தான் எங்கள் கூட்டம் பெருகியது.

மாதையனுக்கு அப்போது எழுபது இருக்கும். ஊரில் அவருக்குத் தண்ணிக்காரர் என்று பேர். பல வருடங்களுக்கு முன்னால் ஊர்க் கிணறுகள் வற்றியபோது, அவர் தோட்டத்தில் ஆழமாகத் துளைத்துப் போட்ட போர் மட்டும் கைவிடவில்லை. ரோட்டோரமாக ஒரு பைப் இழுத்து, ஊரே பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு நாளும் அதை மூடியதில்லை. பிற்பாடு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது. ஊரார் அதைப் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் வைத்துக்கொண்டு, குடிக்கச் சமைக்க மாதையன் போர் தண்ணீரையே பிடித்தார்கள். "கொழா தண்ணி மருந்து வாட அடிக்குதுங்க. நம்ம தண்ணி எளநீராட்டம் இருக்கும்" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒருமுறை எனக்காகவே ஒரு கேன் கொண்டுவந்து கொடுத்தார். உண்மையிலேயே நல்ல ருசி. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.

அவர் மனைவி காவேரியம்மா கூடவே வருவார். முதுகு விறைத்துப் போயிருக்கும். தரையில் உட்கார முடியாது, கழுத்தைத் திருப்ப முடியாது, பக்கத்தில் கூப்பிட்டால் உடம்போடுதான் திரும்புவார். வயசாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்போதுதான் ஓய்வு பெற்ற வேதியியல் பேராசிரியர் ஒருவர் தண்ணீரைப் பற்றிப் பேச வந்தார். முந்தின வாரமே மேடம் எல்லோரிடமும், வீட்டில் குடிக்கிற தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். வாசலில் நான் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நம்பர் ஒட்டி, பேரைப் பட்டியலில் எழுதிக்கொண்டேன். முடிவை எப்படிச் சொல்வது என்று மேடம் கூட்டத்தையே கேட்டார். தனித்தனியாகவா, எல்லோர் முன்னாலுமா? "தண்ணி ஊருக்கே பொதுதானுங்க, ஒளிக்கறதுக்கு என்னா இருக்குது?" என்று மாதையன்தான் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். அதோடு நிற்காமல், "அடுத்த வாரம் திருப்பிச் சொல்றது நானுங்க. தண்ணியப் பத்தி என்ன விட்டா யாரு?" என்று பேரையும் கொடுத்துவிட்டார்.

பேராசிரியர் பேசினார். ஆழத்துப் பாறையில் வருடக்கணக்காகத் தேங்கிய தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கும். நிறம் இருக்காது, மணம் இருக்காது, ருசியில் தெரியாது. சின்ன வயதில் குடித்தால் பல்லில் கறை. வருடக்கணக்காகக் குடித்தால் எலும்பு விறைத்துப்போகும், குனியவும் திரும்பவும் முடியாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். இதைச் சொன்னபோது காவேரியம்மா உடம்போடு திரும்பிக் கணவரைப் பார்த்தார். முட்டி வலிக்கு நல்லது என்று அவர்கள் வீட்டில் நன்றாகக் காய்ச்சித்தான் குடிப்பார்கள்.

டீ கொடுக்கிற நேரத்தில் பேராசிரியர் பின்பக்க மேசையில் சோதனை செய்தார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து. சிவப்பாகவே நின்றால் நல்ல தண்ணீர், மஞ்சளாக மாறினால் ஃபுளோரைடு அதிகம். நான் நம்பருக்கு நேரே எழுதிக்கொண்டு வந்தேன். சிவப்பு, சிவப்பு, லேசான மஞ்சள், சிவப்பு. ஏழாம் நம்பரில் மருந்து விழுந்ததும் அசல் மஞ்சளாகிவிட்டது. பேராசிரியர், "இதை யாரும் குடிக்கவே கூடாது" என்று மெதுவாகச் சொன்னார். பட்டியலைப் பார்த்தேன். ஏழு, மாதையன்.

பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் முன்னால் போய் நின்றேன். மாதையன் முதல் வரிசையில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. ஆறு வரைக்கும் படித்தேன். ஏழு வந்தபோது மாதையன் முகத்தைப் பார்த்தேன். "ஏழாம் நம்பர் பாட்டில் மூடி சரியா மூடலைங்க. கொட்டிப் போச்சு, சோதிக்க முடியல" என்று சொல்லிவிட்டு எட்டுக்குப் போனேன்.

"அதனால என்னாங்க. நம்ம தண்ணிக்கு எதுக்குச் சோதன?" என்று மாதையன் சிரித்தார். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அதை மறைத்து எழுத இஷ்டமில்லை.

எல்லோரும் பஸ் ஏறிய பிறகு மேடம் பின்பக்க மேசைக்கு வந்தார். குழாய்கள் இன்னும் வரிசையாகத் தாங்கியில் இருந்தன. ஏழாவதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "கொட்டிப் போச்சுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பைப்தான் அவர் மானம், மரியாதை எல்லாம் என்றேன். இத்தனை வயதில் அவர் மனசை உடைப்பானேன், தனியாக வேறு எப்படியாவது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன் என்றேன். கடைசியில் சொன்னது பொய். அவரிடம் சொல்கிற எண்ணமே எனக்கு இல்லை.

மேடம் குழாயைத் தாங்கியில் வைத்தார். "தெரிஞ்சுக்கத்தான் அவர் பாட்டில் கொண்டு வந்தார். இவரால தாங்க முடியாதுன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. இத்தனை நாளா அவங்களுக்குப் பாடம் நடத்தினோமா, இல்ல பொழுது போக்குக் காட்டினோமா?" என்றார். இன்றைக்கு ராத்திரியும் அந்த ஊர் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும் என்றும் சொன்னார். அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரு மனிதரின் முகத்தை மட்டும் பார்த்தேன், ஊரைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம்.  ரோட்டோரப் பைப்பில் பெண்கள் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாதையன் தக்காளிப் பெட்டிகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தவர், எங்களைக் கண்டதும் ஓடி வந்தார். "வாங்க மேடம், வாங்க சார், வூட்டுக்கு வாங்க. ஏ காவேரி, தண்ணி கொண்டா!" என்றார்.

காவேரியம்மா சொம்போடு வந்தார். வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறேன், குடிக்க முடியவில்லை. மேடம் என் முகத்தைப் பார்த்தார். சொன்னேன்.

மாதையன் சொம்பைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார்.  பிறகு என்னிடம், "என்னாத்துக்கு சார் மறைச்சீங்க?" என்றார்.

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"என்னைய என்னா பச்சப்புள்ளனு நெனச்சுட்டீங்களா? நெலாவுல தண்ணி இருக்குதா இல்லையான்னு கேட்டவன் சார் நானு. எம் போருல என்னா இருக்குதுன்னு கேக்கக் கூடாதா?" குரல் உயரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விட்டார். காவேரியம்மாதான் வந்து என் கையிலிருந்த சொம்பை வாங்கி, தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார்.

 அடுத்த புதன்கிழமை மாதையன் வரமாட்டார் என்றே நினைத்தேன். திருப்பிச் சொல்ல வேறு யாரையாவது ஏற்பாடு பண்ணட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். "அவர் பேர் கொடுத்திருக்கார்" என்றார், அவ்வளவுதான்.

பத்தரை பஸ்ஸிலிருந்து மாதையன் இறங்கினார். பின்னால் காவேரியம்மா. அவர் பின்னால் அந்த ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர், எங்கள் கூட்டத்துக்கு அதுவரை வராதவர்கள். பைப்பை அவர் அன்றைக்கே பூட்டிவிட்டாராம். எதற்கென்று கேட்டவர்களிடம், புதன்கிழமை என்கூட வந்து கேளுங்கள் என்றிருக்கிறார். தண்ணிக்காரருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று ஊரே கோபமாக இருந்தது. வந்த பெண்கள் முகமே சரியில்லை.

எழுந்து நின்றார். பாறையைச் சொன்னார். பாறையில் தண்ணீர் ஊறுவதைப் புளி கரைப்பதை வைத்துச் சொன்னார். பல் கறைக்கு ஊர்ப் பிள்ளைகளின் பல்லைச் சொன்னார். காய்ச்சினால் போகாது என்பதை இரண்டு முறை சொன்னார். சிவப்பு நல்லது, மஞ்சள் கெட்டது, மாற்றி நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். பேராசிரியர் சொன்னதில் ஒரு வரி விடவில்லை.

பிறகு, "எம் போரு தண்ணி மஞ்சளு. அசல் மஞ்சளு. ஊருக்கெல்லாம் நாந்தான் குடுத்தேன். தெரியாமக் குடுத்தேன். இனிமே குடிக்கறது, சோறாக்கறது எல்லாம் ஒகேனக்கல் தண்ணிதான். எம் போரு தக்காளிக்கு மட்டும்" என்றார்.  காவேரியம்மா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க வூட்டுக்கு நானே கொடம் எடுத்தாறேன்" என்றார்.

அவர் ஊர்ப் பெண் ஒருத்தி, "அப்ப போன பொதங்கெழம சோதிச்சப்பவே ஏன் மூடல?" என்று கேட்டாள்.

மாதையன் என்னைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு பாட்டிலு கொட்டிப் போச்சும்மா. நாந்தான் மூடிய சரியா மூடல. மறுநாளுதான் தெரிஞ்சுது" என்றார்.

அறைந்த மாதிரி இருந்தது. நான் அவருக்குச் செய்ததை அவர் எனக்குத் திருப்பிச் செய்கிறார். என்னைக் காப்பாற்றுகிறார். என்னால் தாங்க முடியாது என்று நினைத்துவிட்டார். முந்தின வாரம் நான் அவரை எவ்வளவு சின்ன ஆளாக்கியிருந்தேன் என்பது எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கதவோரம் நின்றிருந்தவன், என்னையறியாமல் முன்னால் வந்துவிட்டேன்.

"மூடி நல்லாத்தான் மூடியிருந்துச்சுங்க. பாட்டில் கொட்டல. சோதிச்சோம், மஞ்சளா வந்துச்சு. நாந்தான் மறைச்சேன். அவர் மேல தப்பில்ல" என்றேன்.

 திட்டுவார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பச்சியம்மாதான் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். கோபமெல்லாம் இல்லை, ரொம்ப யோசனையோடு கேட்டார்.

"எனக்குச் செவப்புன்னு சொன்னீங்களே சார், அது நெசந்தானா?"

நிஜம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. அவரவருக்கு அவரவர் பாட்டில் ஞாபகம் வந்துவிட்டது. நான் சத்தியமே செய்தாலும் அன்றைக்கு அது செல்லாது என்று தெரிந்தது. மரகதம் மேடம் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். "நல்ல கேள்வி. அடுத்த வாரம் எல்லாரும் மறுபடி பாட்டில் கொண்டு வாங்க. உங்க கண்ணு முன்னாலயே சோதிக்கலாம்" என்றார். பேராசிரியருக்கு அப்போதே போன் செய்தார்.

அடுத்த புதன்கிழமை எல்லோரும் மறுபடி பாட்டிலோடு வந்தார்கள். அந்த ஊர்ப் பெண்களும் வந்தார்கள். மேசையை நடுவில் போட்டு, சுற்றிலும் நாற்காலி. நான் வழக்கம்போல நம்பர் ஒட்டிப் பட்டியல் எழுதினேன். எழுதி முடித்ததும் மேடம் என்னிடம் கை நீட்டினார். கொடுத்தேன். அவர் அதைக் கொண்டுபோய் மாதையனிடம் கொடுத்தார்.

மாதையன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேராசிரியர் சோதிக்கச் சோதிக்க வந்த நிறத்தைப் பேருக்கு நேரே எழுதி, முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரை ஒன்றுவிடாமல் சத்தமாகப் படித்தார். அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.